மூன்று துப்பாக்கிகளின் சின்னம்

1851-ஆம் ஆண்டு லண்டன் ஹைட் பூங்காவில், இரும்பும் கண்ணாடியுமாக எழுப்பிய ஒரு பிரம்மாண்டக் கூடத்தில் உலகப் பொருட்காட்சி நடந்தது. கோஹினூர் வைரத்தைப் பார்க்க ஜனங்கள் முண்டியடித்தார்கள். அமெரிக்கப் பகுதியில் அவ்வளவு நெரிசல் இல்லை. வெர்மான்ட் மாநிலத்தின் விண்ட்சர் என்ற சிற்றூரிலிருந்து வந்திருந்த ராபின்ஸ் அண்ட் லாரன்ஸ் கம்பெனி அங்கே ஆறு துப்பாக்கிகளை வைத்திருந்தது. பார்வைக்கு அவற்றில் விசேஷம் ஒன்றுமில்லை. ஆனால் ஆறையும் பிரித்துப் போட்டு, உறுப்புகளை ஒரே குவியலாகக் கலந்து, கைக்கு வந்ததை எடுத்து மறுபடி பூட்டினாலும் ஆறும் சுடும் என்றார்கள். கேட்டுக்கொண்டிருந்த ஆங்கிலேயப் படை அதிகாரிகளுக்கு வயிற்றைக் கலக்கியது.

காரணம், இங்கிலாந்தின் துப்பாக்கிகள் அப்போது பர்மிங்காம் நகரத்துச் சந்துகளில் பிறந்துகொண்டிருந்தன. ஒருவர் குழல் கடைவார். இன்னொருவர் விசை செய்வார். மூன்றாமவர் கட்டை செதுக்குவார். கடைசி ஆள் அரத்தால் ராவி ராவி எல்லாவற்றையும் ஒன்றோடொன்று பொருத்துவார். கைவேலை அற்புதம்தான். ஆனால் ஒன்றின் விசை இன்னொன்றுக்குச் சேராது. போர்க்களத்தில் ஒரு சின்ன ஊசி ஒடிந்தால் துப்பாக்கி வெறும் தடிக்கம்பு. 1854-ல், கிரிமியப் போர் நடந்துகொண்டிருக்கும்போதே, பிரிட்டிஷ் அரசு அமெரிக்காவுக்கு ஒரு குழுவை அனுப்பி அந்த இயந்திரங்களை வாங்கி வந்து என்ஃபீல்டில் தன் சொந்தத் தொழிற்சாலையில் நிறுத்தியது. இனி பர்மிங்காம் சந்துகளில் உலை எரிவது எத்தனை நாளைக்கு?

சந்துக்காரர்கள் அழுதுகொண்டிருக்கவில்லை. 1861 ஜூனில் அவர்களில் 14 பேர் கூட்டுச் சேர்ந்து ஒரு கம்பெனி தொடங்கினார்கள். ஸ்மால் ஹீத் என்ற இடத்தில் 25 ஏக்கர் நிலம் வாங்கி, அரசு வைத்திருந்தது போன்ற இயந்திரங்களையே நிறுவினார்கள். துருக்கியிடமிருந்து 20,000 துப்பாக்கிகளுக்கு ஆர்டர் வந்தது. சண்டை மூண்டால் லாபம், சமாதானம் வந்தால் நஷ்டம் என்று வண்டி ஓடியது. சமாதானம் நீண்டுவிட்டதால் 1879-ல் தொழிற்சாலையையே மூடிப்போட வேண்டியதாயிற்று. எஃகை மயிரிழை பிசகாமல் வெட்டத் தெரிந்த இயந்திரங்கள், வெட்ட எதுவுமில்லாமல் தூசி படிந்து நின்றன. அந்த நேரம் பார்த்து ஆட்டோ என்ற பெயருடைய ஒருவர் ஒரு விசித்திர வண்டியோடு வந்து சேர்ந்தார்.

அந்த வண்டிக்கு இரண்டு பெரிய சக்கரங்கள். முன்னும் பின்னுமாக அல்ல, மாட்டு வண்டிக்கு இருப்பதுபோல இடமும் வலமுமாக. ஓட்டுகிறவர் நடுவில் உட்கார்ந்து மிதிக்க வேண்டும். 1880-ல் இயக்குநர்களின் கூட்டத்துக்குள் அதைக் கொண்டுபோன ஆட்டோ, பேச்சில் நம்பிக்கை இல்லாதவர். வண்டியைத் தூக்கி அந்த நீண்ட மேசை மேல் வைத்து, ஏறி உட்கார்ந்து, கனவான்களின் மூக்குக்கு முன்னால் மேசையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஓட்டிக் காட்டினார். அப்புறம் கீழே இறக்கி, படிக்கட்டு வழியாகவே உருட்டிக்கொண்டு தெருவில் இறங்கிப் போய்விட்டாராம். சொல்லச் சொல்ல மெருகேறிய கதையாக இருக்கலாம். கம்பெனிக்காரர்களே தலைமுறை தலைமுறையாகப் பெருமையோடு சொல்லி வந்த கதை இது. மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் வாயடைத்துப் போய் ஆர்டர் எடுத்துக்கொண்டது மட்டும் நிச்சயம்.

வண்டி தோற்றது. ஆயிரத்துக்கும் குறைவாகவே செய்தார்கள். மேசை மேல் ஓட்ட ஆட்டோவுக்கு முடிந்தது, தெருவில் ஓட்ட மற்றவர்களுக்கு முடியவில்லை போலும். ஆனால் துப்பாக்கிக்காரர்களுக்கு மிதிவண்டியின் ருசி தெரிந்துவிட்டது. தங்கள் சின்னமாக, மூன்று துப்பாக்கிகளை ஒன்றின் மேல் ஒன்று சாய்த்து நிறுத்திய படத்தை வைத்துக்கொண்டார்கள். 1885-ல் ஜான் கெம்ப் ஸ்டார்லி ஏறக்குறைய சம அளவுள்ள இரண்டு சக்கரங்களும் பின்சக்கரத்துக்குச் செயினும் உள்ள ரோவர் வண்டியை இறக்க, ஸ்மால் ஹீத்காரர்களும் அதே பாணியில் சொந்த சைக்கிள் செய்தார்கள். விற்பனை சூடுபிடிக்கும் வேளையில் ராணுவம் கதவைத் தட்டியது. லீ-மெட்ஃபோர்டு என்ற புதுத் துப்பாக்கி வேண்டும், நிறைய வேண்டும், உடனே வேண்டும். சைக்கிளை ஒரே நாளில் ஏறக்கட்டினார்கள். கதை அங்கேயே முடிந்திருக்க வேண்டியது.

ஐந்தாறு வருடங்களில் துப்பாக்கி ஆர்டர் மறுபடி வற்றியது. 1893-ல் அவர்கள் சைக்கிளுக்குத் திரும்பினார்கள், ஆனால் ஒரு மாற்றத்தோடு. முழு சைக்கிள் செய்யப் போவதில்லை, உதிரி உறுப்புகள் மட்டும். முதலில் ஹப்பு, பிறகு கிராங்க், செயின் வீல், பெடல் அச்சு சுழலும் கப்பு, கோன், ஃப்ரீவீல். இது கோழைத்தனமாகத் தெரியலாம். உண்மையில் அந்தக் கம்பெனி எடுத்த மிகச் சாமர்த்தியமான முடிவு இதுதான் என்பது என் கணிப்பு. டன்லப்பின் காற்றடைத்த டயர் வந்த பிறகு சைக்கிள் பித்து இங்கிலாந்தை ஆட்டி வைத்த காலம் அது. ஊருக்கு ஊர் குழாய்களை ஒட்டி ஃபிரேம் கட்டி, தன் பெயரை எழுதி விற்க ஆள் இருந்தார்கள். ஃபிரேம் கட்ட ஒரு உலையும் கைப்பழக்கமும் போதும். ஆனால் குண்டுகள் உருளும் கப்பையும் கோனையும் கடினமாக்கி, வழுவழுப்பாக்கி, ஒரே அளவில் ஆயிரக்கணக்கில் செய்ய எத்தனை பேரால் முடியும்? துப்பாக்கிக்காரர்களால் முடிந்தது.

அவர்களுடைய ஒவ்வொரு உறுப்பிலும் மூன்று துப்பாக்கி முத்திரை இருந்தது. ஊர்பேர் தெரியாத சைக்கிள்காரர்கூட ‘உள்ளே இருப்பது ஸ்மால் ஹீத் சாமான்’ என்று சொல்லித் தன் வண்டியை விற்றார். வாங்குகிறவர்கள் ஃபிரேமில் எழுதியிருந்த பெயரைப் படிப்பதை விட்டுவிட்டு, குனிந்து கிராங்கைப் பார்க்கத் தொடங்கினார்கள். ஒரு கடையில் வாங்கிய கப்பு இன்னொரு ஊரில் வாங்கிய கூட்டில் ஏறியது. 1851-ல் ஆறு துப்பாக்கிகளைக் கலந்து பூட்டிக் காட்டிய வித்தை இப்போது சைக்கிளுக்கு இடம் மாறியிருந்தது. பெடல் அச்சுக் கூட்டின் குறுக்களவு 1.37 அங்குலம், அங்குலத்துக்கு 24 மரை என்ற அளவு மெல்ல மெல்ல இங்கிலாந்தின் பொது அளவாகப் படிந்தது. அதற்கு ஒத்துவராத ஒருவர் மட்டும் நாட்டிங்காமில் இருந்தார்.

அவர் ஃபிராங்க் பௌடன். ஹாங்காங்கில் பணம் சம்பாதித்து, உடம்பைக் கெடுத்துக்கொண்டு ஊர் திரும்பியவர். சைக்கிள் மிதித்தால் பிழைப்பாய் என்று டாக்டர் சொல்ல, மிதித்தார், பிழைத்தார். தன்னைப் பிழைக்க வைத்த வண்டி எங்கே செய்யப்பட்டது என்று தேடிப் போனார். நாட்டிங்காமில் ராலே தெரு என்ற சந்தில், வாரத்துக்கு மூன்று சைக்கிள் செய்துகொண்டிருந்த ஒரு சின்னப் பட்டறை. 1887-ல் அதை வாங்கி, பத்தாண்டுக்குள் உலகிலேயே பெரிய சைக்கிள் தொழிற்சாலைகளில் ஒன்றாக்கிவிட்டார். தன் குடும்பச் சின்னத்திலிருந்த நாரையை வண்டியின் நெற்றியில் பதித்தார். செயின் வீலிலேயே நாரைத் தலைகளை வெட்டி வைத்தது ராலே. கூடவே இன்னொரு காரியமும் நடந்தது. உலகம் 24 மரைக்குப் போக, ராலே மட்டும் அங்குலத்துக்கு 26 மரை வைத்துக்கொண்டது. கண்ணுக்குத் தெரியாத இந்த இரண்டு மரை வித்தியாசத்தால் ராலே வாங்கியவர் ஆயுளுக்கும் ராலேக்காரர்தான். வேறு யாருடைய கப்பும் அவர் வண்டியில் ஏறாது.

மூன்றாவது கட்சி 1910-ல் வந்தது. பர்மிங்காமில் எட்மண்ட் கிரேன், ஹாரி கிரேன் என்ற சகோதரர்கள் 25 பவுண்டு முதலில் ஹெர்குலிஸ் என்று பெயர் வைத்து ஆரம்பித்தார்கள். அவர்கள் வழி தனி. நாரையும் வேண்டாம், துப்பாக்கியும் வேண்டாம், விலை குறைய வேண்டும். தொழிலாளி வாங்கும் விலையில் லட்சக்கணக்கில் செய்து கப்பலேற்றினார்கள். நாரை, துப்பாக்கி, ஹெர்குலிஸ் மூன்றும் மரப்பெட்டிகளில் சென்னைத் துறைமுகம் வந்து இறங்கி, ரயிலேறித் தெற்கே போயின. இங்கிலாந்தில் எவரும் கேள்விப்பட்டிராத குடமுருட்டி என்ற ஆற்றங்கரையில் அவற்றுக்கு ஒரு சோதனை காத்திருந்தது.

தஞ்சாவூருக்கும் கும்பகோணத்துக்கும் நடுவே, ரயில் நிற்கும் ஊர் பாபநாசம். 108 சிவாலயம் இருக்கும் ஊர். அடுத்த திருப்பாலைத்துறையில் நாயக்கர் காலத்து நெற்களஞ்சியம் செங்கல் கோபுரம்போல நிற்கிறது. சுற்றி எங்கும் ஆறு, வாய்க்கால், வரப்பு. கபிஸ்தலத்துக்கோ மெலட்டூருக்கோ சாலையோடு போனால் தூரம். வாய்க்கால் கரையோடு போனால் கிட்டத்தில். அந்தக் கரையில் மாட்டு வண்டி போகாது. ஒற்றைத் தடத்தில் ஓடும் சைக்கிள் போகும். பண்ணைக் காரியஸ்தர், தபால்காரர், வாத்தியார், வைத்தியர் என்று முதலில் நாலைந்து பேர் வைத்திருந்த சைக்கிள், வெற்றிலைக் கவுளியும் பால் கேனும் நெல் மூட்டையும் ஏற்றும் வண்டியாக மாறியது. 1934-ல் மேட்டூர் அணை திறந்தபின் குறுவைக்குத் தண்ணீர் ஒரு கணக்கில் வர ஆரம்பித்தது, போக்குவரத்தும் கூடியது. ஆனால் இந்தத் தண்ணீரேதான் சைக்கிளுக்கு எமன்.

வாய்க்காலைக் கடக்கும்போது சைக்கிளில் முதலில் நனையும் இடம் எது? பெடல் அச்சு சுழலும் அந்தக் கூடுதான். இரண்டு சக்கர ஹப்புகளையும்விட அது சில அங்குலம் தாழ்வு. சீட்டுக் குழாய் வழியாக இறங்கும் மழைத் தண்ணீரும் அங்கேதான் போய்த் தேங்கும். மேலிருந்து தண்ணீர், கீழிருந்து வண்டல் சேறு. இடையில் கிரீஸ் கரைந்து, குண்டுகள் துருவேறி, மிதிக்கும்போது கடக் கடக் என்று சத்தம். மட்டமான கப்பு ஒரு சம்பாவுக்குத் தாங்காது, உள்ளே குழி விழுந்துவிடும். நன்றாகக் கடினமாக்கிய எஃகுக் கப்பு வருடக்கணக்கில் உழைக்கும். லண்டன் கடைவீதியில் விளம்பரம் படித்து எடுத்த முடிவை, டெல்டாக்காரர் சேற்றை வைத்து எடுத்தார். அந்தத் தீர்ப்பைச் சொல்லும் நீதிமன்றம் வேறெங்கும் இல்லை, வாடகை சைக்கிள் கடையில் இருந்தது.

சைக்கிள் சொந்தமாக வாங்க முடியாதவர்களுக்கு மணிக்கணக்கில் வாடகைக்கு விட்ட கடை அது. மட்கார்டில் நம்பர் எழுதிய பத்துப் பன்னிரண்டு வண்டிகள் வரிசையாக நிற்கும். பார் எட்டாத பையன்கள் இடுக்கில் காலை விட்டுக் குரங்கு பெடல் போட்டுப் பழகுவதும் இந்த வண்டிகளில்தான். ஊரே மிதித்து, ஊரே கீழே போட்டு, ஊரே டபுள்ஸ் அடிக்கும் வண்டி எத்தனை நாள் தாங்குகிறது என்பது கடைக்காரருக்கு அத்துப்படி. புது வண்டி வாங்க நினைத்தவர் அவரிடம்தான் வந்து நின்றார். மிதிக்க இதமும் மதிப்பும் வேண்டுமானால் ராலே, மூட்டை ஏற்ற ஹெர்குலிஸ், ஓவராயிலுக்கு அடிக்கடி வராமல் ஓட வேண்டுமானால் துப்பாக்கி மார்க். சொன்னவருக்குச் சொன்னவர் இந்த வரிசை மாறும். மாறாதது ஒன்று: அப்பா ஓட்டியது எதுவோ அதைத்தான் பிள்ளையும் வாங்கினான். கல்யாணத்தில் மாப்பிள்ளைக்குச் சைக்கிள் பேசும்போது வண்டியை மட்டும் சொல்லி நிறுத்தவில்லை, மார்க்கையும் சேர்த்தே பேசினார்கள். பஞ்சாயத்துக்கு வரி கட்டி வாங்கிய வில்லை, டைனமோ விளக்கு, ஃபிரேமுக்குத் துணி உறை என்று பூட்டி அலங்கரித்து வெள்ளிக்கிழமை சந்தனம் வைத்தார்கள். விசுவாசம் இவ்வளவு முற்றிய நேரத்தில் யுத்தம் வந்தது.

1940 நவம்பர் 19 இரவு ஜெர்மன் விமானங்கள் ஸ்மால் ஹீத் தொழிற்சாலையைக் குறிவைத்துக் குண்டு போட்டன. வேலையிலிருந்த 53 பேர் மாண்டார்கள். மிஞ்சிய கட்டடங்களில் வேலை நிற்கவில்லை. துப்பாக்கிகளோடு, விமானத்திலிருந்து பாராசூட்டில் குதிக்கும் சிப்பாய்களுக்காக நடுவில் மடியும் சைக்கிள்களையும் செய்தார்கள். ராணுவம் அவற்றை ஆயிரமாயிரமாக வாங்கிக்கொண்டது. பாபநாசத்துக்கு எதுவும் வரவில்லை. 1942-ல் ஜப்பான் மலேயாவைப் பிடித்தபோது ரப்பரும் போயிற்று, டயருக்கு ரேஷன் வந்தது. ராஜகிரி, பண்டாரவாடை வீடுகளில் மலேயாவுக்குப் போனவர்களின் கடிதமே வராமல் கலங்கிக்கொண்டிருந்த காலத்தில் சைக்கிள் டியூபுக்கு யார் கவலைப்படுவது? ஆனாலும் மனிதர்கள் எங்காவது போய்த்தானே ஆக வேண்டியிருந்தது.

கைவசம் இருந்ததை வைத்துச் சமாளித்தார்கள். இதன் ஃபோர்க்கை அதில் போட்டார்கள், அதன் ரிம்மைக் கோட்டம் எடுத்து இதில் பூட்டினார்கள். ஒரு வண்டியின் நெற்றியில் ஒரு மார்க், கிராங்கில் இன்னொன்று, ஹப்பில் வேறொன்று. துப்பாக்கி மார்க் சாமான்கள் இந்த விளையாட்டில் தாராளமாகக் கலந்தன. அதற்காகவே பிறந்தவை அல்லவா. ராலேக்காரர்கள்தான் திண்டாடினார்கள். 26 மரைக் கூட்டில் 24 மரைக் கப்பை முரட்டுத்தனமாகத் திருகினால் இரண்டும் நாசம். நாரை சும்மா நின்றது. அப்போதும் ராலேக்காரர் கட்சி மாறவில்லை என்பதுதான் வேடிக்கை. கிடைக்காத பொருளின் மேல் பக்தி கூடத்தான் செய்தது. யுத்தம் முடிந்து, சுதந்திரம் வந்து, சீமைச் சாமான் மறுபடி தாராளமாக இறங்கும் என்று காத்திருந்தவர்களுக்கு வேறு செய்தி வந்தது.

சீமையிலிருந்து சைக்கிள் இனி தாராளமாக வராது, இங்கேயே செய்ய வேண்டும் என்பது புது அரசின் கொள்கை. பர்மாவில் லேவாதேவி நடத்தித் திரும்பிய செட்டிநாட்டு முருகப்பா குடும்பம் அப்போது சென்னையில் இரும்புப் பெட்டகம், நாற்காலி என்று செய்துகொண்டிருந்தது. இங்கிலாந்தில் ஹெர்குலிஸை 1946-ல் விழுங்கியிருந்த டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் கம்பெனிக்கு இந்தியச் சந்தையை இழக்க மனமில்லை. இரு தரப்பும் கைகோத்து 1949-ல் டி.ஐ. சைக்கிள்ஸ் பிறந்தது. இடம், ஏரியும் வயலுமாக இருந்த அம்பத்தூர். 1951-ல் அங்கிருந்து ஹெர்குலிஸ் வெளியே வந்தது. ஆங்கிலேயக் கம்பெனியின் தலைவர் சர் ஐவன் ஸ்டெட்ஃபோர்டின் பெயரில் அம்பத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியே இருக்கிறது என்பதிலிருந்து அந்த உறவின் நெருக்கம் தெரியும். வங்காளத்தில் அசன்சோலில் சென்-ராலே தொடங்கியது. சோனிபட்டில் அட்லஸ் வந்தது. எல்லாம் வந்தும் டெல்டாவின் சந்தேகம் தீரவில்லை.

சீமை ராலேயா, உள்ளூர் ராலேயா? இந்தக் கேள்வி கும்பகோணம் கடைத்தெருவிலும் பாபநாசம் கடைவாசலிலும் பல வருடம் கேட்டது. பழைய சீமை வண்டி, புது உள்ளூர் வண்டியைவிட அதிக விலைக்குப் போனதுண்டு. சந்தேகத்தைத் தீர்க்க மார்க் போதாது, சாமான் நன்றாக இருக்க வேண்டும் என்பது அம்பத்தூருக்குத் தெரிந்திருந்தது. சுற்றிலும் குழாய்க்கு ஒரு தொழிற்சாலை, செயினுக்கு அமெரிக்க டயமண்ட் கம்பெனியோடு ஒன்று, டைனமோவுக்கு மில்லர், சீட்டுக்கு ரைட், 1959-ல் டயருக்கு டன்லப் என்று முளைத்தன. வடக்கே லூதியானாவிலும் சைக்கிள் தொழில் உதிரி உறுப்பில்தான் தொடங்கியது. முஞ்சால் சகோதரர்கள் உறுப்பு வியாபாரிகள். பிரிவினையின்போது பாகிஸ்தானுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த கரீம் தீன் என்ற சீட்டு தயாரிப்பாளரிடம், அவர் சீட்டுக்கு வைத்திருந்த பெயரைத் தாங்கள் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார்கள். அவர் சரி என்றார். அந்தப் பெயர் ஹீரோ. நாற்பது வருடத்துக்குள் அது உலகிலேயே அதிக சைக்கிள் செய்யும் கம்பெனியாகக் கின்னஸ் புத்தகத்தில் ஏறியது. இந்தக் களேபரத்தில் மூன்று துப்பாக்கிகள் என்னவாயின?

இங்கிலாந்தில் ஜனங்கள் காருக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் மாறிக்கொண்டிருந்தார்கள். ஸ்மால் ஹீத் கம்பெனியும் மோட்டார் சைக்கிளில் முழுமூச்சாக இறங்கி, 1957-ல் தன் சைக்கிள் பிரிவை விற்றுவிட்டது. வாங்கியது யார்? எழுபது வருடம் எதிர்க்கட்சியாக இருந்த ராலே. துப்பாக்கிகள் நாரையின் கூட்டுக்குள் போய்ச் சேர்ந்தன. நாரைக்கும் நிம்மதி நீடிக்கவில்லை. 1960-ல் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் ராலேயை வாங்கி, ஹெர்குலிஸோடு ஒரே தொழுவத்தில் கட்டியது. பாபநாசத்தில் மாமனும் மச்சானும் வார்த்தை தடித்து வாதாடிய மூன்று மார்க்குகளுக்கும் இப்போது ஒரே முதலாளி. வாதாடியவர்களுக்கு இது தெரியாது, தெரிந்திருந்தாலும் வாதம் நின்றிருக்காது. அந்த முதலாளிக்குத்தான் அம்பத்தூரில் பங்கு இருந்ததே. துப்பாக்கிக்காரர்களின் பெயர் கடல் கடந்து ஆவடி சாலையோரம் வந்து இறங்கியது.

14 துப்பாக்கிக்காரர்கள் 1861-ல் தங்கள் கூட்டுக்கு வைத்த பெயர் பர்மிங்காம் ஸ்மால் ஆர்ம்ஸ். சுருக்கமாக பி.எஸ்.ஏ.

ஆமாம், பள்ளிக்கூட வாசலில் பூப்போட்ட கூடையோடு நின்ற லேடிபேர்டில் எழுதியிருந்த அதே பி.எஸ்.ஏ. வேலைக்குச் சேர்ந்த முதல் வருடத்தில் மூத்த அண்ணன்கள் வாங்கிய எஸ்.எல்.ஆரில் எழுதியிருந்த அதே பி.எஸ்.ஏ. ரவிக்கைக்கும் ரிப்பனுக்கும் பொருத்தமான நிறத்தில் பெண்பிள்ளைகள் தேர்ந்தெடுத்த மென்மையான அந்த வண்டியின் பெயருக்குள் கிரிமியப் போரும் துருக்கி சுல்தானின் 20,000 துப்பாக்கிகளும் சுருட்டி வைக்கப்பட்டிருந்தன. பர்மிங்காம் தாய்க்கம்பெனியோ ஜப்பான் மோட்டார் சைக்கிள்களிடம் அடிவாங்கி 1973-ல் சரிந்துவிட்டது. அங்கே பெயர் மங்கிய பிறகு இங்கே அது வீட்டுப் பெயராகி நின்றது. அசன்சோலின் சென்-ராலேயை 1980-ல் அரசு எடுத்துக்கொண்டும் கரை சேரவில்லை. நாரை பறந்துவிட்டது.

மார்க் பார்த்து வாங்கும் வழக்கத்துக்கு அடி வேறு பக்கத்திலிருந்து வந்தது. 1991-92-ல் பக்கத்து மாவட்டமான புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கற்றார்கள். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வர, பல பெண்கள் ஆண்கள் வண்டியே மேல் என்றார்கள். பாரில் குழந்தையை உட்கார வைக்கலாமே. அப்பா கட்சி, மாமா கட்சி எதுவும் அவர்களுக்கு இல்லை. பிறகு அரசு பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு இலவச சைக்கிள் கொடுக்கத் தொடங்கியது. முதலில் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கு, பின்னர் 2005-06 முதல் எல்லோருக்கும். டெண்டரில் எந்தக் கம்பெனிக்குக் கிடைத்ததோ அந்த வண்டி வந்தது. பிள்ளைகள் மார்க்கைப் பார்க்கவில்லை, கூடை ஒழுங்காக இருக்கிறதா, பிரேக் பிடிக்கிறதா என்று பார்த்தார்கள். வாடகை சைக்கிள் கடைகள் ஒவ்வொன்றாகப் பஞ்சர் கடைகளாகச் சுருங்கின. தீர்ப்புச் சொல்ல ஆள் இல்லை. மார்க் சண்டை ஓய்ந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

ஓய்ந்த சண்டை உடற்பயிற்சிக்காரர்களிடம் போய் உயிர்பெற்றது. விடியற்காலையில் ஹெல்மெட்டும் இறுக்கமான கால்சட்டையுமாகக் கல்லணைக்கும் கும்பகோணத்துக்கும் மிதிப்பவர்கள் தஞ்சாவூர்ப் பக்கமும் உண்டு. ஷிமானோவா ஸ்ராமா, கார்பனா அலுமினியமா என்று அவர்கள் டீக்கடையில் நின்று பேசும் பேச்சு, நாரையா துப்பாக்கியா என்ற பேச்சின் பேரன். இவர்களுக்காகத் தைவானிலும் சீனாவிலும் செய்யும் நவீன ஃபிரேம்களில் ஒரு புதுமை புகுந்தது. பெடல் அச்சுக் கூட்டில் மரையே வேண்டாம், கப்பை அழுத்திச் சொருகிவிடலாம், எடையும் குறையும் என்றார்கள். ஆளுக்கொரு கம்பெனி ஆளுக்கொரு அளவு. எடை குறைந்தது உண்மை. மிதிக்கும்போது கிரீச் கிரீச் என்று ஒரு சத்தமும் வந்தது. எண்ணெய் விட்டாலும் போகாத, எங்கிருந்து வருகிறது என்று பிடிபடாத, லட்ச ரூபாய் வண்டிக்காரரைத் தூங்கவிடாத சத்தம். மேனாட்டு ஓட்டுநர்கள் கூப்பாடு போட்டார்கள். எங்களுக்கு மரை உள்ள பழைய கூடே வேண்டும்!

கம்பெனிகள் பல பின்வாங்கின. புது மாடல் விளம்பரங்களில் ‘மரை உள்ள கூடு’ என்பதே ஒரு சிறப்பம்சமாக அச்சேறியது. எந்த மரை? பல வண்டிகளில் அதே 1.37 அங்குலம், 24. தொழில்நுட்ப அட்டவணையில் அந்த அளவுக்குப் போட்டிருந்த பெயர், ஜப்பானிய உறுப்பானாலும் இத்தாலிய உறுப்பானாலும், பி.எஸ்.ஏ. தான். வலது பக்கக் கப்பைக் கழற்ற வேண்டுமானால் வழக்கத்துக்கு மாறாக எதிர்ப்பக்கம் திருக வேண்டும் என்ற பழைய விதி உட்பட எதுவும் மாறவில்லை. பாபநாசம் பஞ்சர் கடையில் இதை மறந்து திருகி மரையைக் கெடுத்து அடிவாங்காத எடுபிடிப் பையன் யாரும் அந்நாளில் இருந்திருக்க முடியாது.

2016-ல் இந்தப் பெயரின் இன்னொரு பங்கு விலைக்கு வந்தது. மோட்டார் சைக்கிளுக்கான உரிமையை மஹிந்திரா குழுமம் வாங்கியது. 2024-ல் பி.எஸ்.ஏ. கோல்டு ஸ்டார் என்ற மோட்டார் சைக்கிள் இந்தியச் சாலைக்கு வந்தது. ஆக, ஆட்டோ மேசை மேல் ஓட்டிக்காட்டிய கம்பெனியின் பெயரில் சைக்கிள் பங்கு சென்னையிலும், மோட்டார் பங்கு மும்பையிலும் இருக்கின்றன. மூன்றாவது பங்கான அந்த 24 மரைக்கு மட்டும் உரிமையாளர் கிடையாது, அதை யார் வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளலாம்.